பேனாக்கத்திக்கு எந்தச் சாணைக் கருவி?

தேக்கா சந்தையின் ஆட்டிறைச்சிக் கடைகளில் கத்திகளைக் கவனித்திருக்கிறீர்களா? எலும்பை வெட்டும் கத்தி தடித்தது. அதன் இரு சரிவுகளும் விரிந்த கோணத்தில் சந்திக்கின்றன. இறைச்சியைச் சீவும் கத்தி மெல்லியது, கோணமும் குறுகியது. குறுகிய கோணம் எளிதில் வெட்டும், ஆனால் எலும்பில் பட்டால் விளிம்பு மடங்கும் அல்லது உதிரும். விரிந்த கோணம் அடி தாங்கும், ஆனால் தக்காளித் தோலில் வழுக்கும்.

கடைக்காரரின் கைக்கு அந்தக் கோணம் பல ஆண்டுப் பழக்கம். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால்தான் கோணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சாணைக் கருவிகள் விற்கப்படுகின்றன. முகாமுக்குச் செல்லும் சாரண மாணவர்கள் பலர் கேட்கும் கேள்வி, "பேனாக்கத்திக்கு எதை வாங்கலாம், சார்?" என்பது. விடை உங்கள் கணிதப் பாடத்திலும் இயற்பியல் பாடத்திலும் இருக்கிறது.

முதலில், கூர்மை என்றால் என்ன? அழுத்தம் = விசை ÷ பரப்பளவு. 10 நியூட்டன் விசையுடன், 2 செ.மீ. நீள விளிம்பால் ஒரு பொருளை அழுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மழுங்கிய விளிம்பின் அகலம் 20 மைக்ரோமீட்டர் என்றால் அழுத்தம் 2.5 கோடி பாஸ்கல். தீட்டிய பின் அகலம் 1 மைக்ரோமீட்டர் ஆனால் அழுத்தம் 50 கோடி பாஸ்கல். கை கொடுத்த விசை ஒன்றுதான், அழுத்தம் 20 மடங்கு. மழுங்கிய கத்தியில் நாம் விசையைக் கூட்டுகிறோம். கத்தி வழுக்கும்போது அந்த விசை முழுவதும் விரலுக்கு வருகிறது. விரலை வெட்டுவது பெரும்பாலும் மழுங்கிய கத்தி என்று சமையல்காரர்கள் சொல்வது இதனால்தான்.

இனிக் கருவிகள். ‘வி’ வடிவப் பிளவுக்குள் கத்தியை இழுக்கும் மலிவான கருவி எல்லா இடத்திலும் கிடைக்கும். அதில் கோணத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அது உலோகத்தைச் சுரண்டி விளிம்பைக் கரடுமுரடாக்குகிறது. அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அடுத்தது, ஸ்பைடர்கோ நிறுவனத்தின் ‘ஷார்ப்மேக்கர்’ போன்றது. இரண்டு பீங்கான் கோல்கள் சாய்வாக நிற்கும். நீங்கள் கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து மேலிருந்து கீழே இழுக்க வேண்டும். சாய்வான ஒரு கோணத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம், செங்குத்தைப் பிடிப்பது எளிது. அதுதான் இதன் சூட்சுமம். இதில் 30, 40 என்று இரண்டு கோணங்கள் உண்டு. இவை இரு பக்கமும் சேர்ந்த மொத்தக் கோணம், அதாவது பக்கத்துக்கு 15, 20 டிகிரி. லான்ஸ்கி கருவியில் காணும் 17, 20, 25, 30 என்பவை ஒரு பக்கக் கோணம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரண்டு பெட்டிகளை ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவீர்கள்.

லான்ஸ்கி வகைதான் நம் பாடத்துக்குச் சுவையானது. கத்தியின் முதுகை ஒரு பிடிப்பான் கவ்விக்கொள்ளும். சாணைக்கல்லில் பொருத்திய கம்பி, பிடிப்பானில் உள்ள ஒரு துளைக்குள் போய்வரும். ஒவ்வொரு துளைக்கும் அருகே ஒரு கோணம் எழுதியிருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்பலாமா?

கத்தியின் தளத்திலிருந்து துளையின் உயரம் 4 செ.மீ. என்போம். துளைக்கு நேர் கீழிருந்து கத்தியின் விளிம்புவரை 11 செ.மீ. கோணத்தின் டேன் மதிப்பு 4/11. அதாவது 20 டிகிரி. இப்போது அதே துளையில் குறுகலான பேனாக்கத்தி ஒன்றைப் பொருத்துங்கள். விளிம்பு 10 செ.மீ. தூரத்திலேயே முடிந்துவிடும். கோணம் ஏறத்தாழ 22 டிகிரி. அகலமான சமையலறைக் கத்தி, விளிம்பு 14 செ.மீ. தூரத்தில் என்றால் 16 டிகிரி. துளை மாறவில்லை, எழுதிய எண்ணும் மாறவில்லை, கோணம் மாறிவிட்டது!

இன்னொன்று. பிடிப்பானிலிருந்து பக்கவாட்டில் விலகிப் போகப்போக கோணம் குறைந்துகொண்டே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். விளிம்பு நேர்கோடாக இருக்கும்வரை அப்படி நடக்காது. ஒரு கோடும் அதற்கு வெளியே உள்ள ஒரு புள்ளியும் ஒரே ஒரு தளத்தைத்தான் தீர்மானிக்கும். இங்கே கோடு கத்தியின் விளிம்பு, புள்ளி துளை, தளம் கல்லின் முகம். வகுப்பறைக் கதவைப் பாதி திறந்து வையுங்கள். கதவின் மேல்பகுதியில் அளந்தாலும் கீழ்ப்பகுதியில் அளந்தாலும் சுவரோடு அதன் கோணம் ஒன்றுதானே?

சிக்கல் நுனிக்கு அருகே விளிம்பு வளையும் இடத்தில் வருகிறது. அங்கே கோட்டின் திசையே மாறுகிறது, அதனால் துளையிலிருந்து அந்தக் கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரமும் மாறுகிறது. பிடிப்பானை நுனிக்கு வெகுதூரத்தில் பொருத்தினால் வளைவில் கோணம் குறையும். மிக அருகே பொருத்தினால் கூடும். இடையில் ஓரிடத்தில் மாற்றம் மிகக் குறைவாக இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க மார்க்கர் பேனா போதும். சரிவு முழுவதும் மை பூசி, கல்லை இரண்டு முறை மெதுவாக நகர்த்துங்கள். மை ஒரே சீராக அழிந்தால் பிடிப்பான் சரியான இடத்தில் இருக்கிறது. விளிம்போரத்தில் மட்டும் அழிந்தால் கல்லின் கோணம் அதிகம், மேலே மட்டும் அழிந்தால் குறைவு.

கல்லைப் பொறுத்தவரை ஒரே விதி: அது கத்தியைவிடக் கடினமாக இருக்க வேண்டும். மோஸ் அளவுகோலில் அலுமினியம் ஆக்சைடு 9, வைரம் 10. விக்டோரினாக்ஸ் போன்ற சாதாரண துருவுறா எஃகுப் பேனாக்கத்திக்கு அலுமினியம் ஆக்சைடு தாராளமாகப் போதும். எஸ்30வி போன்ற எஃகில் 4 விழுக்காடு வனேடியம் உண்டு. அது கார்பனோடு சேர்ந்து உண்டாக்கும் வனேடியம் கார்பைடு துகள்கள் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானவை. அத்தகைய கத்திக்கு வைரத்தூள் பதித்த தகடு நல்லது. கரடான கல் ஒன்று, நடுத்தரம் ஒன்று, நுண்ணியது ஒன்று. பேனாக்கத்திக்கு இவ்வளவு போதும். எட்டுக் கல் உள்ள பெட்டி பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் தீட்டுவது? ஒரு பக்கம் தீட்டத் தீட்ட, மறுபக்கத்தில் மெல்லிய உலோகப் பிசிறு எழும். விளிம்பின் முழு நீளத்திலும் அது தென்பட்டால் கத்தியைத் திருப்பிப் பிடியுங்கள். பிசிறை ஒளியில் பார்த்துக் கண்டுபிடியுங்கள், விரலை விளிம்பின் நீளத்தில் ஓட்டாதீர்கள். இந்த வேலையை வீட்டில், பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். சிங்கப்பூரில் தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். ஆகவே முகாம் முடிந்ததும் பேனாக்கத்தி வீட்டு அலமாரிக்குத் திரும்ப வேண்டும், பள்ளிப் பைக்குள் அல்ல.

கணக்கு: துளையின் உயரம் 4 செ.மீ. உங்களுக்குப் பக்கத்துக்கு 17 டிகிரி வேண்டும். விளிம்பு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்? (விடை: ஏறத்தாழ 13 செ.மீ.)