டீசல் என்ஜின் பிரீதரில் ஆயில் புகையா? காரணமும் தடுப்பு முறையும்

மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாள் ஜூன் 12. கடைமடைப் பகுதியான திருக்கடையூர் வட்டாரத்துக்குத் தண்ணீர் வந்து சேரத் தாமதமானால், குறுவை நாற்றங்காலைக் காப்பாற்ற டீசல் பம்ப்செட் கைகொடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா வயலில் தேங்கும் நீரை இறைக்கவும் அதே என்ஜின்தான். அந்த நேரத்தில் என்ஜின் நின்றால் பயிர் போய்விடும். என்ஜினின் நலத்தை முன்கூட்டியே காட்டும் உறுப்பு பிரீதர் எனப்படும் மூச்சுக்குழாய்.

பிரீதரின் வேலை

என்ஜின் ஓடும்போது பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிச் சிறிதளவு வாயு கிராங்க் கேஸுக்குள் இறங்கும். புது என்ஜினிலும் இது உண்டு. அங்கே கிராங்க் சுழற்சியால் தெறிக்கும் ஆயில் நுண்துளிகளாகி வாயுவுடன் கலக்கிறது. இந்த வாயு வெளியேறும் வழிதான் பிரீதர். அதிலுள்ள கம்பி வலையில் துளிகள் மோதி, ஒன்று சேர்ந்து, கீழே வடிகின்றன. பல என்ஜின்களில் காற்றை வெளியே விட்டு, உள்ளே விடாத சிறு தகடு வால்வும் இருக்கும்.

வலை அழுக்கால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல், கேஸ்கெட் வழியாக ஆயில் கசியும். வெளிவரும் ஆயில் பெல்ட்டில் படிந்தால் பெல்ட் வழுக்கும். காற்றால் குளிரும் என்ஜினில் தகட்டு விலாக்களில் ஆயிலும் தூசியும் படிந்து என்ஜின் சூடேறும். வாய்க்காலில் விழுந்தால் நீரில் எண்ணெய்ப் படலம் பரவும்.

சோதிப்பது எப்படி?

என்ஜின் சூடான பிறகு, பெல்ட்டுக்கு விலகி நின்று, பிரீதர் முன் ஒரு வெள்ளைத் தாளை ஒரு நிமிடம் பிடிக்கவும். சில சிறு புள்ளிகள் விழுந்தால் கவலையில்லை. தாள் நனைந்தால் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்க்கவும்:

1. அளவு குச்சியின் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் இருக்கிறதா? மிகுதியை வடிக்கவும்.
2. ஆயிலில் டீசல் வாடை அடித்து, நீர்த்திருக்கிறதா? டீசல் கசியும் இடத்தைச் சரிசெய்து ஆயிலை மாற்றவும்.
3. வலை அடைபட்டிருக்கிறதா, வால்வு ஒட்டியிருக்கிறதா? டீசலில் கழுவி, உலர்த்தி மாட்டவும்.
4. இவை சரியாக இருந்தும் புகை குறையாவிட்டால் ரிங் அல்லது லைனர் தேய்ந்திருக்கும். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

வடிகட்டும் டப்பா

எஞ்சும் ஆயில் புகையைப் பிடிக்க, மூடியுள்ள 5 லிட்டர் தகர டப்பா ஒன்று போதும். அதன் பக்கவாட்டில் நடுவே ஒரு நுழைவுக் குழாய், மேலே ஒரு வெளியேறும் குழாய், அடியில் ஒரு வடிகால் திருகு பொருத்தவும். நுழைவுக்கு மேலே துளையிட்ட தகடு ஒன்றை வைத்து, அதன்மேல் பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் கம்பிச் சுருளைத் தளர்வாகப் பரப்பவும். துணி, பஞ்சு, தேங்காய் நார் கூடாது. அவை ஊறி அடைத்துக்கொள்ளும்.

பிரீதரிலிருந்து வரும் ஹோஸ் ஆயிலைத் தாங்கும் ரகமாகவும், பிரீதர் துளையைவிடக் குறுகாமலும் இருக்க வேண்டும். இடையில் தொய்வில்லாமல் டப்பாவை நோக்கிச் சரிய வேண்டும். என்ஜினின் சொந்த வலையையும் வால்வையும் கழற்றிவிடக் கூடாது.

டப்பாவில் சேரும் ஆயிலில் கரியும் நீரும் கலந்திருப்பதால் அதை மீண்டும் என்ஜினில் ஊற்றக் கூடாது. வயலிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், பழைய ஆயில் வாங்குவோரிடம் கொடுக்கவும்.

எச்சரிக்கை

ஆயில் தெறிக்கிறதென்று பிரீதரைத் துணியால் அடைப்பது பெருந்தவறு. ஹோஸைத் தாமாகவே ஏர் கிளீனரில் இணைப்பதும் ஆபத்து. என்ஜின் தன் ஆயிலையே எரித்து வேகமெடுத்தால், டீசலை நிறுத்தினாலும் நிற்காது.

அளவுக்கு மீறிச் சூடேறிய என்ஜினின் கிராங்க் கேஸ் கதவை உடனே திறக்காமல், நிறுத்தி நன்கு ஆறவிட வேண்டும். ஆயில் புகை தீப்பற்றி வெடிக்கக்கூடியது. 1947-ல் ‘ரெய்னா டெல் பசிபிகோ’ என்ற பயணிகள் கப்பலின் டீசல் என்ஜின்களில் நேர்ந்த கிராங்க் கேஸ் வெடிப்பில் 28 பேர் இறந்தனர். பம்ப்செட் என்ஜின் சிறியதுதான். எனினும் ஆயில் புகையின் குணம் ஒன்றே.

ஆயில் மாற்றும் போதெல்லாம் பிரீதரையும் கழுவி, டப்பாவில் சேர்ந்த அளவைக் குறித்து வைத்தால், அந்த அளவு கூடும்போதே ரிங் தேய்வை அறிந்து, சாகுபடிக்கு முன்பாக என்ஜினைச் சரிசெய்துகொள்ளலாம்.