பொறுப்பை ஒப்படைக்கும் திறன்

சித்தன்னவாசல் யாத்திரையால் நமக்கு நன்கு அறிமுகமான புதுக்கோட்டை மாவட்டம், ஆட்களை வைத்து வேலை வாங்கும் முறைக்கும் ஒரு நல்ல பாடத்தைத் தருகிறது. கடையோ அரிசி ஆலையோ அலுவலகமோ நடத்தும் வாசகர்கள் இதனைக் கருத்தூன்றிப் படிப்பது நலம்.

1991இல் அம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்பொழுது ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். கற்பிக்கும் தொண்டர்களாகப் பெண்கள் பலர் முன்வந்தனர். ஆயினும் அடுத்த ஊருக்குச் செல்லப் பேருந்தையோ வீட்டு ஆண்களையோ எதிர்பார்க்க வேண்டியிருந்தது. இத்தகைய நிலையில் மேலதிகாரிகள் பெரும்பாலும் சுற்றறிக்கை அனுப்பி விளக்கம் கேட்பர். ஆட்சியரோ, தடை எது என்று பார்த்தார். சைக்கிள் ஓட்டக் கற்பதையும் எழுத்தறிவுப் பணியின் ஒரு பகுதியாக ஆக்கினார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. மகளிர் சைக்கிள்கள் போதாதபோது ஆண்கள் சைக்கிளையே பலர் விரும்பி ஏற்றனர். முன்கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் அல்லவா! குடுமியான்மலைக் கல்குவாரியில் வேலை செய்த பெண்கள் தாம் கற்றதோடு நில்லாது பிறருக்கும் கற்பித்தனர். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கு மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரில் சைக்கிள் ஊர்வலம் வந்தனர். சைக்கிள் கற்ற பெண்களின் தொகை பின்னர் ஓர் இலட்சத்தையும் கடந்தது.

கல்குவாரிகளில் நிகழ்ந்தது இதனினும் அரிய செயல். ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமைகளாகக் கல் உடைத்துவந்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. நேற்றுவரை கூலி வாங்கியவர்கள் குத்தகைதாரர் ஆயினர். லாரி எத்தனை, அரசுக்குச் சேரவேண்டிய தொகை எவ்வளவு, தமக்குள் பங்கு எவ்வாறு என்பனவற்றை இனி அவர்களே கணக்கிட வேண்டும். அரிச்சுவடியும் கூட்டல் கழித்தலும் அன்றாடத் தேவையாகிவிட்டன.

நம் கடைகளில் இருபது ஆண்டு உழைத்த கணக்கப்பிள்ளையிடமும் சாவியைத் தராத முதலாளிகள் உண்டு. நம்பிக்கை வந்தபின் பொறுப்புத் தரலாம் என்பர். பொறுப்பே தராதவிடத்து நம்பிக்கை பிறப்பது எங்ஙனம்? அப்பெண்கள் குவாரி நடத்திக் காட்டிய பின்னர் அவர்களுக்குக் குத்தகை கிடைக்கவில்லை. குத்தகை கிடைத்ததனால் நடத்தக் கற்றனர்.

இதில் ஒரு குறையையும் மறைத்தலாகாது. ஆட்சியர் மாற்றலாகிச் சென்றபின் ஒப்பந்தக்காரர்களின் எதிர்ப்பு வலுத்தது. குவாரிகளைப் பெண்களிடம் நிலைநிறுத்துதல் கடினமாயிற்று. சைக்கிளை யாரும் பறிக்க இயலவில்லை. அத்திறன் அவரவர் காலில் இருந்தது. குத்தகையோ அலுவலகக் கையொப்பத்தை நம்பி நின்றது. நம் தொழிலிலும் ஒப்படைத்த பொறுப்பு எவ்வகையினது என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. முதலாளி ஒரு வாரம் வெளியூர் சென்றிருக்கையில் சரக்கு லாரி வந்து நின்றால், கையொப்பமிட்டு இறக்குபவர் யார், அவர் எந்தத் தொகைவரை தாமே முடிவு செய்யலாம் என்பவை எழுத்தில் உள்ளனவா என்று பார்க்கவும்.