கடல்நீரிலிருந்து நுண்ணளவு உலோகம் பிரிக்கும்போது

நடுக்கடலின் மேல்மட்ட நீரில் லிட்டருக்குச் சில நானோகிராம் இரும்புதான் கரைந்திருக்கும். அதே லிட்டரில் உப்பு 35 கிராம். அந்த நீரை அள்ளப் போகும் கப்பலோ எஃகு. 1970களுக்கு முன் வெளியான பெருங்கடல் உலோக அளவுகளில் பல, உண்மையைவிடப் பத்து மடங்கும் நூறு மடங்கும் கூடுதலாக இருந்தன. புட்டி, கை, காற்று, அமிலம் வழியே வந்த உலோகம் கடலின் கணக்கில் ஏறிவிட்டது. ஈயத்தை அளந்த கிளேர் பேட்டர்சன் இதை விடாமல் எடுத்துக்காட்டினார். அதனால் உலோகத்தைப் பிடிப்பதைவிட, வெளி உலோகம் நுழையாமல் காப்பதுதான் பெரிய வேலை.

செய்ய வேண்டியவை

• பாலிஎதிலீன் புட்டிகளைச் சோப்புக் கரைசலிலும், பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் ஊறவையுங்கள். அமிலத்தில் வாரக்கணக்கில் கிடக்கட்டும்.

• நீரை 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, மிகத் தூய அமிலம் சேர்த்து பி.எச். 1.8 அளவுக்குக் கொண்டுவாருங்கள். இல்லையேல் உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். கோபால்ட்டும் தாமிரமும் கரிமப் பொருள்களோடு இறுகப் பிணைந்திருப்பதால் அமிலம் மட்டும் போதாது. புற ஊதா ஒளியும் காட்டுங்கள்.

• பி.எச். அளவில் கண்ணாக இருங்கள். முழு வேலையும் இதில்தான் நிற்கிறது. உலோகத்தைப் பிடிக்கும் நோபியாஸ் போன்ற ரெசினுக்கு, அமில நீரை அம்மோனியம் அசிட்டேட் தாங்கல் கரைசலால் பி.எச். 6ஐ ஒட்டி உயர்த்தினால் இரும்பு, நிக்கல், தாமிரம், துத்தநாகம், காட்மியம், ஈயம் பிடிபடும். சோடியமும் மக்னீசியமும் பெரும்பாலும் ஓடிவிடும். பி.எச். இறங்கினால் முதலில் நழுவுவது மாங்கனீசு. எஞ்சிய உப்பைத் தாங்கல் கரைசலால் கழுவிவிட்டு, நைட்ரிக் அமிலத்தால் உலோகத்தை இறக்குங்கள். 40 மில்லிலிட்டர் நீரின் உலோகத்தை 1 மில்லிலிட்டரில் இறக்கினால் செறிவு 40 மடங்கு.

• ஐசோடோப்பு நீர்த்தல் முறை என்றால், செறிவூட்டிய ஐசோடோப்பை ரெசினுக்கு அனுப்பும் முன்பே சேருங்கள். மாங்கனீசுக்கும் கோபால்ட்டுக்கும் இயற்கையில் ஒரே நிலைத்த ஐசோடோப்பு என்பதால் அவற்றுக்கு இது உதவாது.

• ஒவ்வொரு தொகுதியோடும் கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் உலோக அளவு முன்பே உறுதிசெய்யப்பட்ட நாஸ் அல்லது காஸ் சான்று நீரையும் ஓட்டிப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

• பவுடர் போட்ட கையுறை வேண்டாம். அதில் துத்தநாகம் உண்டு. கண்ணாடிக் குடுவையும் வேண்டாம்.

• பி.எச். மீட்டரின் மின்வாயை மாதிரிப் புட்டிக்குள் விடாதீர்கள். சிறிதளவு தனியே ஊற்றி அளந்துவிட்டு அதைக் கொட்டிவிடுங்கள்.

• கடல்நீரை அப்படியே உலோகத்தை அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவிக்குக் கொடுக்காதீர்கள். உப்பு படிந்து கூம்பின் துளை அடைபடும். ஆர்கானும் சோடியமும் சேர்ந்து நிறை 63இல் தாமிரம்போல் காட்டும். ரெசினில் பிரித்த பிறகும் மாலிப்டினம் ஓரளவு தங்கும். அதன் ஆக்சைடு காட்மியமாகத் தோன்றும். இதைத் திருத்தாமல் காட்மிய அளவை எழுதாதீர்கள்.

• அம்மோனியா புட்டியையும் அமிலப் புட்டியையும் அருகருகே திறக்காதீர்கள்.

• மாதிரி இல்லாமல் ஓட்டும் வெற்றுச் சோதனையின் அளவு மாதிரியின் அளவை நெருங்கினால், கழித்து எழுதி ஒப்பேற்றாதீர்கள். அந்தத் தொகுதியின் எண்களைக் கைவிட்டு, உலோகம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்: முதலில் தாங்கல் கரைசல், அடுத்து அமிலம், பிறகு பம்பின் குழாய்கள்.