எழுத்து வளர்கிறது, ஸ்ட்ரோக் வளரவில்லை

கேள்வி: திருமணம், கோயில் விழா பேனர்கள் செய்து தரும் சிறிய டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். ஃபோட்டோஷாப்பில் முதலில் 12 அங்குல அகலத்தில், 300 ரெசல்யூஷனில் மாதிரி செய்கிறேன். பார்ட்டி சம்மதித்ததும் 10-க்கு 4 அடி ஃப்ளெக்ஸ் ஃபைலில் லேயர்களை இழுத்துப் போட்டு, கண்ட்ரோல்-டி கொடுத்துப் பெரிதாக்குகிறேன். எழுத்து நன்றாக வருகிறது. அதைச் சுற்றிக் கொடுத்த வெள்ளை ஸ்ட்ரோக் மட்டும் மெலிந்துவிடுகிறது. நிழலும் சரியாகத் தெரிவதில்லை. பெரிதாக்கும் முன் ராஸ்டரைஸ் செய்துவிடச் சொல்கிறார் தொழில் நண்பர் ஒருவர். செய்யலாமா?
– வாசகி ஒருவர், விருதுநகர்

பதில்: செய்யாதீர்கள். உங்கள் ஃபைலில் எதுவும் கெடவில்லை. எழுத்தும் எஃபெக்டும் வெவ்வேறு கணக்கில் ஓடுவதால் வரும் சிக்கல் இது. டெக்ஸ்ட் லேயரில் எழுத்தின் வெளிக்கோடு வடிவமாகவே இருக்கிறது. எவ்வளவு இழுத்தாலும் விளிம்பு கூர்மையாக வரும். ஸ்ட்ரோக், டிராப் ஷேடோ போன்றவை படமாக எங்கும் சேமிக்கப்படுவதில்லை. “இந்த வடிவத்தைச் சுற்றி 8 பிக்ஸல் வெள்ளை போடு” என்ற கட்டளைதான் லேயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கண்ட்ரோல்-டி எழுத்தைத்தான் பெரிதாக்கும். கட்டளையில் உள்ள 8 அப்படியே நிற்கும்.

உங்கள் அளவையே எடுத்துக்கொள்வோம். 12 அங்குலம், 300 ரெசல்யூஷன் என்றால் அகலம் 3600 பிக்ஸல். 10 அடி பேனரை 72 ரெசல்யூஷனில் வைத்தால் 8640 பிக்ஸல். அதாவது எழுத்தை 240 சதவீதமாக்குகிறீர்கள். ஸ்ட்ரோக்கும் 8-லிருந்து 19-க்குப் போயிருக்க வேண்டும். போகாததால், அச்சில் சுமார் 6.7 மில்லிமீட்டர் வர வேண்டிய வெள்ளைக் கோடு 2.8 மில்லிமீட்டரில் நின்றுவிடுகிறது. நிழலின் தூரமும் பரவலும் இப்படித்தான் சுருங்கிப்போகின்றன.

சரிசெய்வது எளிது. எழுத்தைப் பெரிதாக்கிய பின் அந்த லேயரைத் தேர்ந்தெடுத்து, லேயர் மெனுவில் லேயர் ஸ்டைல், அதற்குள் கடைசிப் பக்கமாக இருக்கும் ‘ஸ்கேல் எஃபெக்ட்ஸ்’ என்பதில் 240 கொடுங்கள். ஸ்ட்ரோக், நிழல், குளோ எல்லாம் ஒரே விகிதத்தில் வளரும். அதே ஸ்டைல் உள்ள மற்ற லேயர்களுக்கு, ‘காப்பி லேயர் ஸ்டைல்’, ‘பேஸ்ட் லேயர் ஸ்டைல்’ போதும். லேயர்களை இழுத்துப் போடாமல் ஃபைலை வேறு பெயரில் சேமித்து, இமேஜ் சைஸில் அகலத்தை 8640 ஆக்கினாலும் சரிதான். அந்தப் பெட்டியின் மூலையில் உள்ள பல்சக்கரக் குறியைத் தட்டி ‘ஸ்கேல் ஸ்டைல்ஸ்’ டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரோக் 250 பிக்ஸலுக்கு மேல் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் பேனர் அளவுக்கு அந்த எல்லை வராது.

லேயர் ஸ்டைலையும் சேர்த்து ராஸ்டரைஸ் செய்தால் எழுத்தும் ஸ்ட்ரோக்கும் சேர்ந்தே பெரிதாகும், உண்மைதான். ஆனால் அப்போது பெரிதாவது வெறும் பிக்ஸல்கள், விளிம்பெல்லாம் மங்கிவிடும். இரவு ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் அழைத்து, “பெரியப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பு” என்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். லேயர் எஃபெக்ட் 1998-ல் ஃபோட்டோஷாப் 5-இல் வந்தது. அதற்கு முன் நிழல் வேண்டுமென்றால் எழுத்தை நகலெடுத்துக் கறுப்பாக்கி, மங்கலாக்கி, கீழே நகர்த்தி வைக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினால் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். அந்தப் பாட்டிலிருந்து விடுவிக்கத்தான் எஃபெக்ட் வந்தது. பிரஸ்ஸுக்கு ஃப்ளாட்டன் செய்த நகலை அனுப்புங்கள். எஃபெக்ட் உயிரோடு இருக்கும் பி.எஸ்.டி. உங்களிடமே இருக்கட்டும்.

பழைய ஃபைலிலிருந்து லேயரை இழுத்து வரும்போது நிழலின் திசை மாறிவிட்டதாகத் தோன்றினால், ‘யூஸ் குளோபல் லைட்’ டிக் ஆகியிருக்கும். புதிய ஃபைலின் ஒளிக்கோணத்தை அது எடுத்துக்கொள்ளும். மணமக்கள் படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறதோ அதற்கு ஏற்ப ஒருமுறை கோணத்தை வைத்துவிட்டால் எல்லா நிழலும் சேர்ந்து திரும்பும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தமிழ் எழுத்துக்கு எஃபெக்ட் போடுகிற எல்லோரிடமும் இதைச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரோக்கை ‘அவுட்சைட்’ என்று வைத்தால் அது எழுத்தின் வெளிப்புறத்தில் மட்டும் ஓடுவதில்லை, சுழிகளுக்குள்ளும் புகும். மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் கண்ணுக்கு வேறுபடுவதே அந்தச் சின்ன இடைவெளிகளால்தான். மஞ்சள் எழுத்துக்கு வெள்ளை ஸ்ட்ரோக் கொடுத்தால் சுழிகள் அடைந்துபோகும். புள்ளி கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ‘கண்ணன்’ என்ற பெயர் தெருவில் போகிறவருக்கு ஒரு திட்டாகத்தான் தெரியும். ‘இன்சைட்’ வைத்தால் இன்னும் மோசம்: எழுத்தின் உடம்பையே தின்றுவிடும், புள்ளி முழுக்க ஸ்ட்ரோக்கின் நிறத்துக்கு மாறிவிடும்.

ஆகவே அவுட்சைடே இருக்கட்டும். நிறத்தில் கவனம் வையுங்கள். அடர்ந்த சிவப்புக்கோ கருநீலத்துக்கோ வெள்ளை கொடுத்தால் சுழி நிறைந்தாலும் எழுத்தின் கோடு தனித்துத் தெரியும். டிராக்கிங்கை 20, 30 கூட்டினால் பக்கத்து எழுத்துகளின் ஸ்ட்ரோக்குகள் மோதாமல் மூச்சு விடும். பெவல் அண்ட் எம்பாஸைப் பெயர்களுக்குப் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மெல்லிய வளைவுகளில் அது விழுத்தும் வெளிச்சமும் இருளும் எழுத்தை உடைத்துக் காட்டும். ‘திருமண வரவேற்பு’ போன்ற தலைப்பில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

100 அடி தூரத்திலிருந்து 10 அடி பேனர் எவ்வளவு சிறிதாகத் தெரியும் என்பதைக் கடையில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். திரையில் முழு பேனரும் 6 சென்டிமீட்டர் அகலத்துக்கு வரும்வரை சுருக்கி, இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து பெயர்களைப் படியுங்கள். ‘ண’வும் ‘ன’வும் பிரித்துத் தெரியாவிட்டால் ஸ்ட்ரோக்கைக் குறையுங்கள், அல்லது நிறத்தை மாற்றுங்கள். அதன் பிறகு பிரஸ்ஸுக்கு அனுப்புங்கள்.