பட்டன் தேயாத டயர்

டயர் வெடித்தது எனக்குத் தெரியவே தெரியாது. பக்கத்து லேனில் வந்த சரக்கு லாரிக்காரர் ஹார்னை விடாமல் அடித்து, விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்த பிறகுதான் இடது கண்ணாடியைப் பார்த்தேன். ட்ரெய்லரின் பின் சக்கரத்திலிருந்து கறுப்பு நாடா மாதிரி ரப்பர் பட்டை சுழன்று சுழன்று பக்கச் சுவரை அறைந்துகொண்டிருந்தது. எத்தனை மைலாக அப்படி வந்தேனோ! முன்னால் இழுக்கும் வண்டி ஒரு டன் டீசல் பிக்கப். நாலில் ஒரு சக்கரம் போனதை அது பொருட்படுத்தவே இல்லை.

2019 ஜூலை. ஹூஸ்டனிலிருந்து பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பத்தாம் நம்பர் இன்டர்ஸ்டேட்டில் ஒசோனாவுக்கும் ஃபோர்ட் ஸ்டாக்டனுக்கும் நடுவே, வெயிலைத் தவிர வேறு எதுவும் இல்லாத இடம். வேக வரம்பு 80 மைல். நான் 72-இல் போய்க்கொண்டிருந்தேன். எல்லோரும் என்னைத் தாண்டிப் போனதால் மெதுவாகப் போகிறோம் என்ற நினைப்பு வேறு.

ஃபிப்த் வீல் என்றால் என்னவென்று ஊரில் உள்ளவர்கள் கேட்பார்கள். வீட்டையே பின்னால் கட்டி இழுத்துப் போகிற ட்ரெய்லர்தான். பம்பரில் கொக்கி போட்டு இழுக்காமல், பிக்கப்பின் சாமான் தட்டில், பின் அச்சுக்கு மேலே ஒரு இரும்புத் தட்டை வைத்து அதில் மாட்டுவார்கள். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்குப் படுக்கைவாட்டில் ஒரு வளையம் வைப்பார்கள். நாலு சக்கரத்தோடு அது ஐந்தாவது. பெயர் அங்கிருந்து வந்தது. மொத்த எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பிக்கப்பின் முதுகில் ஏறிவிடும். மீதியை ட்ரெய்லரின் நாலு டயரும் சுமக்க வேண்டும். எங்களுடையது 2014 மாடல். அதற்கு முந்தின வருடம்தான் இரண்டாம் கையாக வாங்கியிருந்தோம். சாமானோடு ஏறக்குறைய ஏழு டன்.

ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால் வயிறு கலங்கியது. வெடித்த டயர் அதோடு விடுவதில்லை. பிய்ந்த பட்டை சவுக்கு மாதிரி அடித்து, சக்கரத்துக்கு மேலிருந்த தகட்டைக் கிழித்து, மின் பிரேக்குக்குப் போகிற ஒயரை அறுத்து, சமையலறை அலமாரியின் அடிப்பலகையைப் பெயர்த்திருந்தது. துவரம் பருப்பு நெடுஞ்சாலையில் சிந்திக்கொண்டே வந்திருக்கிறது. "ஏங்க, போன மாசம்தான டயரெல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னீங்க?" என்றாள் மனைவி. சொன்னேன்தான். பட்டன் புத்தம் புதிதாக இருந்தது. விரல் வைத்தால் பள்ளத்தில் இறங்கியது.

தப்பு அங்கேதான். கார் டயரைப் பட்டனைப் பார்த்து எடை போட்டுப் பழகிய கண். மொட்டையானால் மாற்று, இல்லாவிட்டால் ஓட்டு. ட்ரெய்லர் டயர் மொட்டையாகும் வரை உயிரோடு இருப்பது அபூர்வம். வருடத்தில் பத்து மாதம் ஒரே இடத்தில் வெயிலில் நிற்கும். பிறகு ஒருநாள் முழுச் சுமையோடு ஐந்நூறு மைல் ஓடும். ரப்பர் உள்ளுக்குள் காய்ந்து, இரும்புக் கம்பி வலைக்கும் மேல் பட்டைக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது.

அன்று ஸ்டெப்னியை மாட்ட ஆள் வர மூன்று மணி நேரம் ஆயிற்று. (ஸ்டெப்னி என்றேன், வந்தவருக்குப் புரியவில்லை. வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் ஒரு கம்பெனி மாற்றுச் சக்கரம் செய்து விற்றது. அந்தத் தெருவின் பெயரை நாம்தான் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.) அவர் ஜாக்கி வைத்து அச்சைத் தூக்கவில்லை. மரக்கட்டைகளைச் சரிவாக அடுக்கி, நன்றாக இருந்த முன் டயரை அதன் மேல் ஏற்றச் சொன்னார். பின் சக்கரம் தானாக அந்தரத்தில் நின்றது. இரட்டை அச்சு வண்டிக்கு இதைவிட எளிய வழி கிடையாது. அதற்கான கட்டைகளை அன்று முதல் கூடவே வைத்திருக்கிறேன்.

அவர்தான் பழைய டயரின் பக்கவாட்டைக் காட்டினார். டி.ஓ.டி. என்று தொடங்கும் நீண்ட எண்ணின் கடைசி நாலு இலக்கம்: 2313. 2013-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். ஆறு வயது. மாட்டியிருந்த ஸ்டெப்னிக்கும் அதே வயது. வண்டி வாங்கும்போது இஞ்சின் இல்லாத வண்டிதானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இந்த முழு எண் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். உள்பக்கமாக மாட்டிவிட்டால் வண்டிக்கடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் தேதி வெளியே தெரிகிற மாதிரி மாட்டச் சொல்லிவிடுகிறேன். ட்ரெய்லர் டயருக்கு ஐந்து வயதுதான் என் கணக்கு. அதற்கு மேல் பட்டன் எப்படி இருந்தாலும் சரி, மாற்றிவிட வேண்டியதுதான்.

அன்று இரவு ஃபோர்ட் ஸ்டாக்டனில், இந்த மாதிரி வீட்டு வண்டிகள் தங்குகிற ஆர்.வி. பூங்காவில் ஒதுங்கினோம். நான் டயர் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பூங்காவில் எல்லோருக்கும் அது பிடித்த பேச்சு. மலிவு விலை இறக்குமதி டயருக்கு 'சீன வெடிகுண்டு' என்றே இங்கே செல்லப்பெயர். பக்கத்து இடத்தில் நாற்பது வருடம் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எடை போட்டீங்களா?"

போடவில்லை. போட வேண்டும் என்றுகூடத் தெரியாது.

டயர் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது அதனால் இதுதான்: கடைக்குப் போகும் முன் எடை மேடைக்குப் போங்கள். எந்தப் பிராண்டு என்பது கடைசிக் கேள்வி. பெரிய ட்ரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்ற மேடை இருக்கும். இருபது டாலருக்குள் முடிந்துவிடும். பயணத்துக்கு ஏற்றுகிற அத்தனை சாமானும், தண்ணீர் உட்பட, ஏற்றிய பிறகு போட வேண்டும். காலி வண்டியின் எடை யாருக்கும் உபயோகமில்லை. எங்களுடையது ட்ரெய்லர் அச்சுகள் இரண்டிலும் சேர்த்து 12,300 பவுண்டு காட்டியது. வெடித்த டயர் எஸ்.டி. 235/80 ஆர் 16, லோடு ரேஞ்ச் இ. காற்று 80 பி.எஸ்.ஐ. இருக்கும்போது ஒன்று 3,520 பவுண்டு, அதாவது 1,600 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கும். நாலும் சேர்ந்து 14,080. கையில் 1,780 பவுண்டு மிச்சம் இருக்கிறதே, பிறகு ஏன் வெடித்தது?

இதற்கு விடை லிவிங்ஸ்டனில் கிடைத்தது. ஹூஸ்டனுக்கு வடகிழக்கே அந்தச் சிறு ஊரில் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. சங்கத்தின் தலைமையகம் இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போட்டுத் தருவார்கள். வண்டியைப் பழுதுபார்த்து, வழக்கம்போல் சாமான் ஏற்றிக்கொண்டு போனேன். வலது முன் 2,610. வலது பின் 2,900. இடது முன் 3,150. இடது பின் 3,640.

வெடித்தது இடது பின் டயர்தானே! சராசரியில் ஒளிந்துகொண்டு, ஒரு டயர் மட்டும் வரம்புக்கு 120 பவுண்டு கூடுதலாகச் சுமந்திருக்கிறது. எங்கள் வண்டியில் வெளியே நகரும் சமையலறைப் பகுதி, ஃப்ரிட்ஜ், மளிகை அலமாரி எல்லாமே இடது பின்புறம். அதற்கு நேர் கீழே, இடம் இருக்கிறதே என்று என் ஸ்பேனர் பெட்டியை வைத்திருந்தேன். இருபது கிலோ அரிசி மூட்டையும் கிரைண்டரும் அங்கேதான்.

வண்டி செய்தவர்கள் வைத்த கணக்கும் இழுபறிதான். அச்சு ஒன்றின் தாங்கு திறன் 7,000 பவுண்டு. அதில் இரண்டு டயர் சேர்ந்து 7,040. நாற்பது பவுண்டு மிச்சம்! சட்டப்படி இது சரி, ஏனென்றால் டயர்களின் மொத்தத் திறன் அச்சின் திறனுக்குக் குறையக் கூடாது என்பதுதான் அமெரிக்க விதி. 2017-இல்தான் ஆர்.வி. தயாரிப்பாளர் சங்கம் பத்து சதவீதம் கூடுதல் வேண்டும் என்று தன் உறுப்பினர்களுக்குக் கட்டாயமாக்கியது. அதற்கு முந்தைய வண்டியை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் இந்தப் பெருக்கலைத் தாங்களே போட்டுப் பார்ப்பது நல்லது. எனக்குப் பத்து போதாது. பதினைந்து, இருபது சதவீதம் இருந்தால்தான் தூக்கம் வருகிறது.

கடையில் ஒரு பையன், நல்ல பையன்தான், எல்.டி. டயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னான். எல்.டி. என்பது பிக்கப்புக்கானது, எஸ்.டி. ட்ரெய்லருக்கானது. எல்.டி. தரமானது என்ற பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எல்.டி. 235/85 ஆர் 16, லோடு ரேஞ்ச் இ, 80 பி.எஸ்.ஐ.யில் தாங்குவது 3,042 பவுண்டு. என் இடது பின் சக்கரத்துக்கு அது நேராகச் சமாதிதான். பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எடையைப் படித்துக் காட்டியதும் அவனே ஒதுங்கிக்கொண்டான்.

கடைசியில் லோடு ரேஞ்ச் ஜி எடுத்தேன். பக்கச் சுவரிலும் இரும்புக் கம்பி ஓடுகிற வகை. காற்று 110 பி.எஸ்.ஐ.; தாங்குவது 4,000 பவுண்டுக்கு மேல். அதுவும் ஒரு சீன டயர்தான் என்பது வேடிக்கை. 'வெடிகுண்டு' என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டுவது நியாயமில்லை. அமெரிக்காவிலேயே செய்கிற குட்இயர் என்டூரன்ஸ் 2017-இல் வந்த பிறகு பலர் அதற்கு மாறி நிம்மதியாக ஓட்டுகிறார்கள்; சுமை அளவாக இருந்தால் நானும் அதைத்தான் போட்டிருப்பேன்.

ஜி ரேஞ்சுக்கு மாறுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. டயர் 110 தாங்கும், ரிம் தாங்குமா? ரிம்மின் பின்பக்கம் அதன் எல்லை பொறித்திருக்கும். என்னுடையதில் 80. ஆக ரிம்மும் புதிது. ரப்பர் வால்வும் அந்த அழுத்தத்துக்கு ஆகாது, உலோக வால்வு வேண்டும். செலவு நினைத்ததைப் போல இரண்டு மடங்கு ஆயிற்று. சமையலறையைச் சரிசெய்யக் கொடுத்த பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆர்டர் கொடுக்கும் முன் தேதி எண்ணைப் போனிலேயே கேட்டேன். முதல் கடையில் இருந்தவை பதினாலு மாதம் கிடங்கில் கிடந்தவை. வேண்டாம் என்றுவிட்டேன்.

மாட்டிய பிறகு நட்டுகளை 10, 25, 50 மைல்களில் டார்க் ஸ்பேனரால் திரும்ப முறுக்கிப் பார்க்க வேண்டும் என்று அச்சு செய்கிறவர்களே கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். கடைக்காரர் ஒரு தடவை முறுக்கி அனுப்பிவிடுவார். மீதி நம் வேலை.

காற்றைப் பற்றி ஒரு சண்டை உண்டு. வெயிலில் ஓடும்போது அழுத்தம் ஏறுகிறதே, கொஞ்சம் இறக்கினால் என்ன என்பார்கள். கூடவே கூடாது. 80 வைத்த டயர் ஓட்டத்தில் 90-ஐத் தாண்டுவது இயல்பு. அதற்கு இடம் வைத்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள். டயரைக் கொல்வது குறைந்த காற்று. காற்றுக் குறைந்தால் பக்கச் சுவர் அதிகம் மடங்கும், மடங்கினால் சூடு, சூடு ஏறினால் ஒட்டு விடும். காலையில், வண்டி நகரும் முன், வெயில் ஒரு பக்கம் படுவதற்குள் அளக்க வேண்டும். பத்து டிகிரி ஃபாரன்ஹீட் குளிர்ந்தால் 80-இல் ஏறக்குறைய இரண்டு பி.எஸ்.ஐ. இறங்கும். ஹூஸ்டன் பிற்பகலில் நிரப்பிவிட்டு மலை ஊரில் விடியற்காலை பார்த்தால் ஐந்தாறு காணாமல் போயிருக்கும். அங்கே மறுபடி நிரப்பித்தான் கிளம்ப வேண்டும்.

வால்வில் மாட்டும் சென்ஸார் வாங்கி வைத்திருக்கிறேன். லாஸ் க்ரூசஸ் பக்கம் ஒரு திருகாணி ஏறி மெல்லக் காற்று இறங்கியபோது அதுதான் கத்திக் காப்பாற்றியது. ஆனால் உள்ளே பட்டை பிரிவது அதற்குத் தெரியாது. காற்று போன பிறகுதான் கத்தும். ஆகவே சாப்பிட, டீசல் போட நிற்கும்போதெல்லாம் ஒரு சுற்று வந்து நாலு டயரையும் கையால் தடவிப் பார்க்கிறேன். ஏதாவது ஒரு இடம் புடைத்திருக்கிறதா, ஒன்று மட்டும் கூடுதலாகச் சுடுகிறதா. நாமக்கல் லாரிகளில் கிளீனர் பையன் கம்பியால் டயரைத் தட்டிக்கொண்டே சுற்றி வருவானே, அவன் ஞாபகம் வரும்.

வேகமும் ஒரு விஷயம். பழைய எஸ்.டி. டயர்கள், வேறு எதுவும் குறிக்காவிட்டால், 65 மைலுக்குத்தான். நான் 72-இல் போனேன். புதிதாக வருகிறவற்றில் எழுத்து இருக்கும். எல் என்றால் 75, எம் என்றால் 81. இருந்தாலும் நான் 62-ஐத் தாண்டுவதில்லை. கலிஃபோர்னியாவில் ட்ரெய்லர் இழுத்தால் சட்டமே 55-தான்.

ஒருமுறை யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு, ட்ரெய்லரைக் குறுகலான இடத்தில் பின்னால் எடுக்கும்போது டயரைப் பாருங்கள். இரட்டை அச்சில் முன் சக்கரம் ஒரு பக்கமும் பின் சக்கரம் மறு பக்கமும் இழுபட, டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடுமோ என்கிற மாதிரி நெளியும். பார்த்த பிறகு அகலமாகத்தான் திருப்புவீர்கள்.

எல்லாம் மாட்டி முடித்து மறுபடி லிவிங்ஸ்டன் போனேன். ஸ்பேனர் பெட்டி பிக்கப்புக்குப் போயிருந்தது, அரிசி பத்து கிலோவாகி வலது கட்டிலுக்கடியில் ஏறியிருந்தது. இடது பின் 3,380. எடை போட்டவர் கைகொடுத்தார். மனைவிக்கு மட்டும் குறை. "எல்லாத்தையும் இறக்கிட்டீங்க, மாவு எதுல அரைக்கிறதாம்?" என்றாள்.

கிரைண்டர் இப்போது பிக்கப்பின் பின் சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வருகிறது.