ஊருக்குக் கிளம்பும் முன் கழற்றிப் பார்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய கார் படங்களைப் பார்த்தேன். நாலு கை மாறிய வண்டி என்று சொல்ல முடியாது, நன்றாகவே வைத்திருந்திருக்கிறார்கள். அலாய் வீல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. சக்கரத்துக்கு நான்கு நட்டு இருக்கிறது. மூன்று வழக்கமான அறுகோணம். நான்காவது மட்டும் வட்டமாக, முகத்தில் நெளிநெளியான பள்ளத்தோடு இருக்கிறது. அதுதான் சக்கரத்தைத் திருடவிடாமல் தடுக்கும் லாக் நட். பொங்கலுக்கு இந்த வண்டியிலேயே மதுரைக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். அதற்கு முன், சக்கரத்துக்கு ஒன்றாக இருக்கும் நான்கு லாக் நட்டையும் உன் வீட்டு வாசலில் வைத்து ஒரு முறை கழற்றி மாட்டிவிடு.

முதலில் சாவியைத் தேடு. பெயர்தான் சாவி; பார்த்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு உருக்குத் துண்டு. ஒரு முனை லாக் நட்டின் பள்ளத்தில் பொருந்தும், மறுமுனையில் சாதாரண வீல் ஸ்பேனரை மாட்டலாம். ஸ்டெப்னி இருக்கும் குழி, ஜாக்கிப் பை, டேஷ்போர்டுப் பெட்டி எல்லாவற்றிலும் பார். கிடைக்கவில்லை என்றால் வண்டியை விற்றவரிடம் இன்றே கேள். சாவியிலோ கூட வந்த அட்டையிலோ ஒரு குறியீட்டு எண் இருக்கும். அதைப் படம் எடுத்து வை. தொலைந்தால் மாற்றுச் சாவி வாங்க அந்த எண்தான் வழி.

இந்த நட்டு ஏன் இறுகிப்போகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது காரின் கையேட்டில் நியூட்டன் மீட்டர் கணக்கில் இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 120 வரை. ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் 98 நியூட்டன் மீட்டர் கிடைத்துவிடும். தேவை அவ்வளவுதான். டயர் கடையில் கடகடவென்று ஓடும் இம்பாக்ட் கன் இதைப்போல் சில மடங்கு முறுக்கக்கூடியது. அவசரத்தில் இரண்டு விநாடி கூடுதலாக அழுத்தினாலே அளவு எங்கோ போய்விடும். அறுகோண நட்டு அதைத் தாங்கும். லாக் நட்டின் பள்ளம் ஆழம் குறைந்தது. கன் ஒவ்வொரு அடி அடிக்கும்போதும் பள்ளத்தின் விளிம்பும் சாவியின் விளிம்பும் மழுங்கும், சில நேரம் சாவியே விரிசல் விடும். உன் சென்னைக் கடற்காற்றும் சேர்ந்துகொள்ளும். உப்பு ஈரம் படும் இடத்தில் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூக்கும். அது நட்டின் அடியையும் சக்கரத்தின் நடுவையும் இறுக்கிப் பிடித்துவிடும்.

இனி கழற்றும் வேலை. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் வை. டயர் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்த வேண்டும். ஜாக்கி போடுவது அதற்குப் பிறகுதான். பள்ளத்தில் இருக்கும் மண்ணை ஊசியால் சுரண்டி எடு. சாவியை வைத்து, கடைசி வரை உட்காரும்படி ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டு.

நான்கில் முதலில் தளர்த்த வேண்டியது லாக் நட்டைத்தான். பலரும் சுலபமான மூன்றையும் கழற்றிவிட்டுக் கடைசியில் இதற்கு வருகிறார்கள். அதற்குள் சக்கரத்தைப் பிடித்திருக்கும் சுமை இந்த ஒன்றின் மேல் சாய்ந்திருக்கும், நட்டு அசையாது. அப்படி ஆகிவிட்டால் மற்ற மூன்றையும் திரும்ப முறுக்கிவிட்டு இதை முயன்று பார். பல சமயம் அதுவே போதும்.

ஸ்பேனரின் கைப்பிடி உனக்கு இடப்பக்கம் நீட்டியிருக்கும்படி மாட்டி, ஒரு கையால் சாவியை நட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கைப்பிடியைக் கீழே அழுத்து. வண்டியோடு வரும் ஸ்பேனர் 30 செ.மீ. நீளம் என்றால், 50 கிலோ எடையை அதன் நுனியில் சாய்த்தால் 147 நியூட்டன் மீட்டர்தான். அரை மீட்டர் நீளக் கைப்பிடி வாங்கிவிட்டால் அதே எடைக்கு 245 கிடைக்கும். பலசாலி ஒருவரைக் கூப்பிடுவதைவிட நீளமான கைப்பிடி மேல். ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்காதே. சாவி சற்றுச் சாய்ந்தாலும் பள்ளம் வழுக்கிவிடும், ஒரு முறை வழுக்கினால் அடுத்த முறை இன்னும் எளிதாக வழுக்கும். அசையவில்லை என்றால் துருநீக்கி ஸ்ப்ரே அடித்துச் சில மணி நேரம் விடு, பிரேக் டிஸ்க்கில் மட்டும் படக் கூடாது. பிறகு இம்மியளவு முறுக்கும் பக்கம் திருப்பிவிட்டுக் கழற்றும் பக்கம் திருப்பு.

இதற்கும் வரவில்லை என்றால் நிறுத்திவிடு. நல்ல நிலையில் இருக்கும் சாவியோடு பட்டறைக்குப் போவதும், உடைந்த சாவியோடு போவதும் செலவில் வெகுவாக வேறுபடும். அவர்களிடம் உள்பக்கம் சுருள் பல் வெட்டிய சாக்கெட் இருக்கும். நட்டின் மேல் அடித்து இறக்கித் திருப்பினால் கவ்விக்கொண்டு வரும். நட்டு போய்விடும், ஆனால் சக்கரம் பிழைக்கும். துளை போட்டு எடுப்பது கடைசி வழி. காஸ் டார்ச் தீயால் சூடாக்கலாம் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடு. சூட்டில் அலாய் பலம் இழக்கும், காற்றடைத்த டயர் வெடித்து உயிரே போகலாம்.

வழியில் மாட்டிக்கொண்டால் இதை நினைவில் வை: டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் சக்கரத்தைக் கழற்றாமலேயே பஞ்சர் ஒட்டலாம். உளுந்தூர்பேட்டை தாண்டி நடுச்சாலையில் லாக் நட்டோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

மாட்டும்போது நட்டுகளைக் கையால் மரையில் ஏற்றி, எதிரெதிராக முறுக்கி, லாக் நட்டைக் கடைசியில் டார்க் ரெஞ்சால் கையேட்டின் அளவுக்கு முறுக்கு. மரையில் எண்ணெய் தடவாதே. வழவழப்பில் அதே அளவு முறுக்குக்கும் போல்ட் கூடுதலாக இழுபடும். நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார். டயர் கடைக்குப் போனால் வண்டியை விட்டு இறங்கி, "அண்ணே, லாக் நட்டுக்கு மட்டும் கன் வேண்டாம், கையால முறுக்குங்க" என்று சொல். கிளம்பும்போது சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்.

உன் குடியிருப்பில் காவலாளி உண்டு, வண்டி உள்ளே நிற்கிறது. என்னைக் கேட்டால் நான்கு லாக் நட்டையும் எடுத்துவிட்டுச் சாதாரண நட்டே போட்டுவிடலாம். மரையின் அளவும், சக்கரத்தில் உட்காரும் அடிப்பாகம் கூம்பா உருண்டையா தட்டையா என்பதும் பழையதோடு பொருந்த வேண்டும். தெருவில் நிறுத்துகிறவளாக இருந்தால் வைத்துக்கொள் என்றே சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்த்துவிட்டு, எந்தச் சக்கரம் முரண்டு பிடித்தது என்று எழுது. சாவி எண்ணின் படத்தை எனக்கும் அனுப்பு. இங்கேயும் ஒன்று இருக்கட்டும்.

அன்புடன்,
பெரியப்பா