பல வண்ண நூலில் சாக்ஸ் பின்னுகிறீர்களா?

கையால் சாயமிட்ட கம்பளி நூல், சிட்டமாக இருக்கும்போது கொள்ளை அழகு. பின்னினாலோ ஒரே நிறம் திட்டுத் திட்டாகச் சேர்ந்துகொள்ளும்.

1. ஒரு துண்டு நூலை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பாருங்கள். சாயம் போகிற நூல் குதிகாலையும் நீலமாக்கிவிடும்.

2. நூலை இரண்டு உருண்டைகளாகச் சுற்றி, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னுங்கள், திட்டு கலையும்.

3. அவ்வளவு பொறுமை இல்லையா? வழக்கமான 64 கண்ணிக்குப் பதில் 60 அல்லது 68 போடுங்கள். சுற்றளவு மாறினால் நிறம் விழும் இடமும் மாறும். காலுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் போட்டுப் பாருங்கள்.

4. நுணுக்கமான பூவேலை வேண்டாம். வண்ணங்களுக்குள் தொலைந்துபோகும்.

5. இரண்டாவது சாக்ஸையும் அதே நிறத்தில் தொடங்கினால் ஜோடி ஓரளவு ஒத்துவரும். எனக்கென்னவோ ஒவ்வாத ஜோடிதான் பிடிக்கும்!